சிங்கப்பூர்க் காடுகள்: கேட்டதும் சொன்னதும்

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: அண்ணா, 2030க்குள் பத்து லட்சம் மரம் நடுகிறார்கள். அப்புறம் காடு போகிறதே என்று ஏன் கவலை?

மரம் வேறு, காடு வேறு தம்பி. சாலையோர மரத்தடியில் உதிரும் இலையைக் கூட்டி அள்ளிவிடுகிறோம். புக்கிட் தீமாக் காட்டில் அது அங்கேயே மட்கும். காலால் லேசாகத் தள்ளிப் பாருங்கள்: அடியில் ஈரம், வெள்ளை நூலாகப் பூஞ்சை, கரையான், பக்கத்திலேயே தானாக முளைத்த கன்று. நடுவது நல்லதுதான், நானும் நட்டிருக்கிறேன். ஆனால் வெட்டிய காட்டுக்கு அது ஈடாகாது.

ஈசூனிலிருந்து: பழைய காடு எவ்வளவு மிச்சம்?

கொஞ்சம்தான். 19ஆம் நூற்றாண்டில் மிளகுக்கும், தோல் பதனிட உதவும் கேம்பியர் செடிக்கும் தோட்டம் போடத் தீவையே மொட்டையடித்துவிட்டார்கள். கேம்பியர் இலையைக் காய்ச்ச விறகும் அதே காட்டிலிருந்துதான். மண் களைத்ததும் அடுத்த இடம். 1883இல் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் கேன்ட்லி கொடுத்த அறிக்கைக்குப் பிறகுதான் காட்டை ஒதுக்கிக் காக்க ஆரம்பித்தார்கள். புக்கிட் தீமா வனப்பகுதி இன்று 163 ஹெக்டேர். அதற்குக் கிழக்கே உள்ள காடு, நீர்த்தேக்கங்களைக் காக்க விட்டுவைத்த புண்ணியத்தில் பிழைத்தது.

பொங்கோலிலிருந்து: புதிய வீடமைப்பு நகர் எழும் தெங்காவில் இருந்தது வெறும் அல்பீசியா மரக்காடு. அது போனால் என்ன?

இந்த 'வெறும்' எனக்கு வலிக்கிறது. அல்பீசியா வெளியிலிருந்து வந்தது, கிளை சட்டென முறியும், உண்மை. ஆனால் அந்த உயரத்தில்தான் கழுகு கூடு கட்டுகிறது, அந்த நிழலில்தான் உள்ளூர் மரங்கள் மெல்லத் தலைதூக்குகின்றன. சுமார் 700 ஹெக்டேர் தெங்கா நகரில் 100 மீட்டர் அகலம், 5 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு காட்டுப்பாதை திட்டமிட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 50 ஹெக்டேர். அவ்வளவு ஒடுங்கிய காட்டில் இருபுறமும் வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து மண்ணைக் காய வைத்துவிடும். வீடு வேண்டும், மறுக்கவில்லை. ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலத்தை முதலில் எடுங்கள் என்பதே என் கோரிக்கை.

சுவா சூ காங்கிலிருந்து: நெடுஞ்சாலைக்கு மேல் விலங்குப் பாலம் பயன்படுகிறதா?

பயன்படுகிறது. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டபோது காடு இரண்டாகப் பிளந்தது. 2013இல் பாலம் வந்தது. எறும்புத்தின்னி அதில் கடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது.

சிராங்கூனிலிருந்து: சொந்தத் தோட்டத்து மரத்தை வெட்டலாமா?

தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் டேப் சுற்றிப் பாருங்கள் ஐயா. சுற்றளவு ஒரு மீட்டரைத் தாண்டி, வீடு அரசு அறிவித்த மரப் பாதுகாப்புப் பகுதியில் இருந்தால், தேசியப் பூங்காக் கழகத்திடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும்.