சுருங்கிப்போன கம்பளி ஜட்டி

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு ஐந்து மாதப் பெண் குழந்தை. தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மாமியாரோடு இருக்கிறோம். பம்பஸ் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை, போட்டாலும் தொடையெல்லாம் சிவந்துவிடுகிறது. கனடாவில் இருக்கும் நாத்தனார், துணி நெப்பிக்கு மேலே போடச் சொல்லி மெரினோ கம்பளியில் மூன்று ஜட்டி அனுப்பினார். முதல் மாதம் அருமையாக இருந்தது. பிறகு மாமி ஒன்றைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கல்லில் தேய்த்துத் துவைத்தார். அது பொம்மைக்குப் போடும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. மற்ற இரண்டும் இப்போது ஒழுகுகின்றன, நாற்றமும் வருகிறது. "கம்பளி பிள்ளைக்குச் சூடு, சொறி வரும், தூக்கிப் போடு" என்கிறார் மாமி. இந்த மழையில் எதுவும் காய்வதுமில்லை. என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, முதலில் மாமியோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளைத் துணியைச் சுடுதண்ணீரில் போட்டு, சவர்க்காரம் தேய்த்து, கல்லில் கசக்கி, பீலியில் அலசுவது அவர் காலங்காலமாகச் செய்த வேலை. பருத்தித் துணிக்கு அதுதான் சரியும்கூட. கம்பளி பார்க்கத் துணி மாதிரி இருந்தாலும் அது ஆட்டின் முடி. உங்கள் தலைமுடியைக் கல்லில் போட்டுத் தேய்த்தால் எப்படிச் சிக்குப் பிடிக்குமோ, அப்படித்தான் அதற்கும் பிடிக்கிறது.

கம்பளி இழை ஒவ்வொன்றின் மேலும் மீனுக்கு இருப்பது போல நுண்ணிய செதில்கள் உண்டு. சூடு, ஈரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொள்ளும். மாட்டியது பிறகு விடாது. சுடுதண்ணீரிலிருந்து எடுத்து நேரே பீலியில் பிடித்தால் இன்னும் மோசம். நம் ஊர்ப் பீலித் தண்ணீர் எந்த மாதத்தில்தான் சூடாக இருந்தது? ஹட்டனில் இருந்தபோது என் மகனுடைய முதல் கம்பளி ஜட்டியை நானும் இப்படித்தான் பாழாக்கினேன். அப்போது பழி போட வீட்டில் மாமியாரும் இல்லை.

இந்தக் கம்பளி எப்படி வேலை செய்கிறது என்பது புரிந்தால் மீதி எல்லாம் சுலபம். என் அம்மாயி மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து எடுத்தவர். மழைக்குத் தலையில் கம்பளி போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போவார். (அந்தக் கம்பளியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைத் துரைமார் கணக்கில் ஏற்றியது தனிக் கதை.) மேலே நனைந்து கனத்தாலும் உள்ளே உடம்பு விறைக்காது என்பார். அப்புறம் இடுப்பில் படங்கு கட்டும் காலம் வந்தது. படங்கில் மழை இறங்காது. ஆனால் பின்னேரம் அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே சேலை வேர்வையில் ஊறிக் கிடக்கும். பம்பஸின் வெளிப்பக்கமும் பிளாஸ்டிக் ஜட்டியும் படங்கு மாதிரி. நாத்தனார் அனுப்பியது கம்பளி. உங்கள் பிள்ளையின் தொடை ஏன் சிவந்தது, முதல் மாதம் ஏன் அருமையாக இருந்தது என்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 30 வீதம் வரை ஈரத்தை ஆவியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தொட்டால் அது நனைந்ததாகவே தெரியாது. பிறகு அந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்கு விட்டுவிடும். ஆனால் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைத் தடுப்பது இழை இல்லை, இழைமேல் பூசியிருக்கும் மெழுகு. ஆட்டின் தோலில் சுரந்து முடியில் படியும் அந்த மெழுகுக்குப் பெயர் லனோலின். மலையில் மழை கொட்டினாலும் ஆடு தோல்வரை நனையாமல் நிற்பது இதனால்தான். ஜட்டியைத் துவைக்கத் துவைக்க இந்த மெழுகு கரைந்து போகும். உங்களுடைய இரண்டும் ஒழுகுவது அதனால்தான். ஜட்டி கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். நம்பிக்கை வராவிட்டால் காய்ந்த ஜட்டியின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சேம்பிலையில் நிற்பது போல முத்தாக நின்றால் மெழுகு இருக்கிறது. உடனே உள்ளே இறங்கினால் இல்லை.

லனோலினுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு முலைக்காம்பு வெடிப்புக்குப் பூசும் களிம்பு பாமசியில் இருக்கும். அதில் நூறு வீதமும் லனோலின் என்று போட்டிருக்கும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். வேறு எண்ணெயோ வாசனையோ கலந்தது வேண்டாம். ஒரு சிறு குழாய் மாதக்கணக்கில் வரும்.

இனிச் செய்முறை. முதலில் ஜட்டியைத் துவைத்துக்கொள்ள வேண்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற தண்ணீர், 30 பாகை செல்சியஸ் அளவு போதும். அதில் குழந்தை ஷாம்பு சில சொட்டு விடுங்கள். சலவைத்தூள் வேண்டாம், கட்டிச் சவர்க்காரமும் வேண்டாம். அவற்றின் காரம் கம்பளிக்கு ஆகாது. வெளுப்புத் திரவம் பக்கத்திலேயே வரக்கூடாது, அது கம்பளியைக் கரைத்தே விடும். ஜட்டியை உள்பக்கம் வெளியே திருப்பித் தண்ணீரில் அமுக்கி, கால் மணி நேரம் விட்டு, கையால் மெதுவாக அழுத்தி அழுத்தி எடுங்கள். கசக்கவும் முறுக்கவும் கூடாது. அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். அதனால் துவைக்கத் தொடங்கும்போதே இரண்டு பேசின் தண்ணீர் கலந்து வைத்துவிடுங்கள். நான் கெட்டது இந்த இடத்தில்தான்.

அடுத்து ஒரு கோப்பையில் நன்றாகக் கொதித்த தண்ணீர் எடுத்து, ஒரு ஜட்டிக்கு அரைத் தேக்கரண்டி கணக்கில் லனோலினைப் போட்டு, ஷாம்பு இரண்டு மூன்று சொட்டு விட்டுக் கலக்குங்கள். பால்மா கரைத்த தண்ணீர் போல வெள்ளையாக வரவேண்டும். மேலே மஞ்சள் பொட்டாக எண்ணெய் மிதந்தால் இன்னும் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு மறுபடி கலக்குங்கள். மெழுகு தண்ணீரோடு கலக்காமல் போட்டால் ஜட்டியில் திட்டுத் திட்டாகப் பிசுபிசுக்கும். இந்தப் பால் தண்ணீரை வெதுவெதுப்பான தண்ணீருள்ள பேசினில் ஊற்றி, சூடு குறைந்திருக்கிறதா என்று கைவிட்டுப் பார்த்துவிட்டு, துவைத்த ஈர ஜட்டியை உள்பக்கம் வெளியே இருக்கும்படி அமுக்கி இரவு முழுக்க விடுங்கள். காலையில் தண்ணீர் தெளிந்திருக்கும். மெழுகு கம்பளிக்குப் போய்விட்டது. இனி அலச வேண்டாம். புதிதாக வாங்கும் ஜட்டிக்கு இதை இரண்டு மூன்று முறை செய்தால்தான் பிடிக்கும்.

காய்வது பற்றி. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையோடு ஒப்பிட்டால் உங்களுடையது பரவாயில்லை என்றாலும், வைகாசி தொடங்கி ஆவணி தாண்டும் வரை தலவாக்கலையில் துணி காய வைப்பது ஒரு தவம்தான். பண்டாரவளையில் இருக்கும் என் தங்கைக்கு அதே மாதங்களில் வெயில் அடிக்கும். அவள் போன் எடுத்து "இங்கே எல்லாம் காய்ந்துவிட்டது" என்று சொல்வது வேண்டுமென்றே என்று எனக்கு ஒரு சந்தேகம். ஈர ஜட்டியை உலர்ந்த துவாயில் வைத்துப் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி, அதன்மேல் முழங்காலை ஊன்றி அழுத்துங்கள். பாதித் தண்ணீர் துவாய்க்குப் போய்விடும். பிறகு இஸ்தோப்பில் காற்றுப் படும் இடத்தில் விரித்துப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்துக்கு நீண்டு போகும். அடுப்புக்கு மேலே போடாதீர்கள். சூட்டுக்கு விறைப்பது ஒரு பக்கம், விறகுப் புகை கம்பளியில் ஏறினால் இலேசில் போகாது. மழை நாளில் இரண்டு நாள்கூடப் பிடிக்கும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள்.

நல்ல சேதி, இதை அடிக்கடி செய்ய வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும். மெழுகு, சொட்டுச் சோதனையில் தோற்றால் மட்டும். மாமி இதைக் கேட்டால் "மூத்திரத் துணியைத் துவைக்காமலா?" என்று முகத்தைச் சுளிப்பார். மூத்திரத்தைக் குடிப்பது உள்ளே இருக்கும் பருத்தித் துணி, அது ஒவ்வொரு முறையும் துவைக்கப்படுகிறது என்று சொல்லுங்கள். மேலே இருக்கும் கம்பளியை ஒவ்வொரு தடவையும் கழற்றிக் காற்றில் போட்டு, இரண்டையும் மாறி மாறிப் போட வேண்டும். ஈரமாக இருக்கும்போது இலேசாக ஆட்டு வாடை வரும், அது பரவாயில்லை. காய்ந்த பிறகும் மூக்கைக் குத்துகிற நாற்றம் இருந்தால் அது அமோனியா. அன்றைக்குத் துவைக்க வேண்டியதுதான். மலம் பட்டால் பட்ட இடத்தை மட்டும் உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மெழுகு இருந்தும் ஒழுகினால் அமுக்கமா என்று பாருங்கள். கம்பளி ஈரத்தைத் தடுப்பது அதை அமுக்காத வரைக்கும்தான். இடுப்பில் வெகுநேரம் தூக்கி வைத்திருந்தாலும், சேலைத் தொட்டிலில் போட்டாலும் பிள்ளையின் பாரம் முழுக்க அடியில் இறங்கி ஈரம் பிழிந்து வரும். தொட்டிலில் போடும்போது உள்ளே ஒரு மடிப்புத் துணி கூட வையுங்கள். மேலே இறுக்கமான காற்சட்டை வேண்டாம். பருத்தியின் ஓரம் தொடைப்பக்கம் எட்டிப் பார்த்தாலும் அந்த வழியாக ஈரம் வெளியே வந்துவிடும். உண்மையில் இந்த மழையில் உங்களுக்குப் பிரச்சினை தரப்போவது கம்பளி இல்லை, பருத்திதான். பல அடுக்காகத் தைத்த தடித்த நெப்பி மூன்று நாளானாலும் நடுவில் ஈரமாக இருக்கும். பழைய சாரத்தையோ வேட்டியையோ சதுரமாகக் கிழித்து மடித்துக் கட்டுங்கள். விரித்துப் போட்டால் ஒற்றைத் துணி, சீக்கிரம் காயும். மீதி ஈரத்துக்கு அயன் போடலாம்.

சொறி விஷயத்தில் மாமி பாதி சரி. அவர் நினைப்பில் இருப்பது பழைய கம்பளி. இழை 30 மைக்ரோனுக்கு (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்திருந்தால் அதன் நுனி தோலைக் குத்தும், அரிக்கும். மெரினோ இழை அதைவிட எவ்வளவோ மெல்லியது. அதிலும் ஜட்டி பிள்ளையின் தோலில் படுவது இடுப்பு ஓரத்திலும் தொடை ஓரத்திலும்தான். அந்த ஓரத்தில் சிவந்தால் மாமி சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடுங்கள். சில பிள்ளைகளுக்கு லனோலினும் ஒத்துவராது. எந்த ஜட்டி போட்டாலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் நெப்பியை மாற்றுங்கள், பகலில் கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் விடுங்கள். தோல் மடிப்புக்குள் அடர்சிவப்பாகி, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளி வந்து, மூன்று நாளாகியும் ஆறாவிட்டால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவமாதுவிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள்.

குறைந்துபோன ஒரு ஜட்டிக்குக் கனடாவைப் பார்த்திருக்க வேண்டாம். நுவரெலியாவுக்குப் போனால் பேல் பஜாரில் பழைய கம்பளி ஸ்வெட்டர் தேடிப் பாருங்கள். கடைக்காரர் எல்லாவற்றையும் கம்பளி என்றுதான் சொல்வார், பெரும்பாலும் அக்ரிலிக்காக இருக்கும். உள்தையலில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கட்டியாக இறுகினால் வைத்துவிட்டு வாருங்கள். (கடைக்குள் கொளுத்தாதீர்கள்.)

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். கம்பளிக்குப் பூச்சி வரும் என்று யாராவது அந்துருண்டை போடச் சொன்னால் கேட்காதீர்கள். அந்துருண்டையில் இருக்கும் நப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்துருண்டையோடு வைத்த துணியைப் போட்டதாலேயே பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை முற்றியதுண்டு. குறை இருப்பது வெளியே பார்த்தால் தெரியாது. கற்பூரமும் வேண்டாம். பூச்சி தேடி வருவது அழுக்குக் கம்பளியைத்தான். துவைத்து, ஈரமே இல்லாமல் காயவைத்து, பையில் இறுக்கிக் கட்டி வைத்தால் போதும். நம் பக்கம் பூச்சியைவிடப் பூஞ்சணம்தான் பயம், அதனால் மாதம் ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுங்கள்.

அந்தச் சுருங்கின ஜட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இலேசாகச் சுருங்கியிருந்தால் தலைக்குப் போடும் கண்டிஷனர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து இழுத்துப் பார்க்கலாம். பொம்மை அளவென்றால் திரும்பாது. ஆனால் அப்படிச் சிக்கி இறுகின கம்பளியில் தண்ணீர் இறங்குவது இன்னும் கஷ்டம், வெட்டினாலும் நூல் பிரியாது. தையலை வெட்டி விரித்து, பேல் பஜார் ஸ்வெட்டரின் கையையும் அதேபோல வேண்டுமென்றே சுடுதண்ணீரில் போட்டுச் சுருக்கி, இரண்டையும் ஒட்டித் தைத்து, மெழுகேற்றி, இரவில் பிள்ளைக்கு அடியில் விரியுங்கள். மெத்தை நனையாது. அந்தச் சுருக்குகிற வேலையை மாமியிடமே கொடுங்கள், கல்லில் போட்டு எவ்வளவு வேண்டுமானாலும் தேய்க்கட்டும்.