அழற்சி மரபணு மாறுபாடு: உப்புவெளித் தங்கச்சிக்கு

தங்கச்சி, அப்பா இரைப்பைப் புற்றுநோயால் போனார், உங்கள் மரபணு அறிக்கையிலும் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதத்துக்கான மரபணுவில் மாறுபாடு, நித்திரையே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் கனத்தது.

ஆனால் அது புற்றுநோய் மரபணு இல்லை. நோயில்லாத ஏராளமானோரிடமும் உண்டு. 2000இல் வெளியான ஆய்வு ஒன்று இதை இரைப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தியது; பின்னர் வந்தவை எல்லாம் அதோடு ஒத்துப்போகவில்லை. இங்கே பெரிய ஆள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அது இரைப்பையில் தங்கினால் அழற்சி வருடக்கணக்கில் நீளும். இந்த மாறுபாடு உள்ள சிலருக்கு அந்த அழற்சி கடுமையாகி, அமிலச் சுரப்புக் குறைந்து, உட்சுவர் மெலியலாம். மரபணுவை மாற்ற முடியாது, கிருமியை அழிக்கலாம்.

திருகோணமலையிலேயே வைத்தியரிடம் அப்பாவின் கதையைச் சொல்லி, இந்தக் கிருமிக்கான மூச்சு அல்லது மலப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்து குடிக்கிறீர்களா? அதையும் சொல்லுங்கள்; இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தாவிட்டால் பரிசோதனை முடிவு பிழையாகலாம். கூடப்பிறந்தவர்களும் பார்ப்பது நல்லது. அப்புறம், கருவாட்டைக் கொஞ்சம் குறையுங்கள். மலம் கறுத்தாலோ காரணமில்லாமல் மெலிந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.