கணினிக்குக் குறைந்த விலையில் 5.1 ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அட்டைப்பெட்டியில் 5.1 (ஐந்து ஸ்பீக்கர், கூடவே அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்) என்று போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள்: முன், பின், நடு என்று மூன்று தனி ஜாக்குகளோ, டால்பி டிகோடரோடு (சுருக்கி வரும் 5.1 ஒலியைப் பிரித்துத் தரும் பகுதி) ஆப்டிகல் இணைப்போ (ஒளி வழியே ஒலியை அனுப்பும் கேபிள்) இருக்க வேண்டும். ப்ளூடூத்தும் ஒரே ஒரு ஆக்ஸ் துளையும்தான் என்றால் உள்ளே வருவது இரண்டு சேனல் ஒலி (இடது, வலது மட்டும்), அதையே ஐந்து ஸ்பீக்கரிலும் பிரித்துப் போடும், அவ்வளவுதான். அப்புறம் உங்கள் கணினி. மதர்போர்டில் பச்சை, கறுப்பு, ஆரஞ்சு ஜாக்குகள் இருந்தால் கவலையில்லை. லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரு ஹெட்போன் ஜாக்தான், அதற்கு யூஎஸ்பி 5.1 சவுண்ட் கார்டு தனியாக வேண்டும். இணைத்த பிறகு விண்டோஸ் ஒலி அமைப்பில் 5.1 என்பதைத் தேர்வு செய்யுங்கள், இதை மறந்தால் பின் ஸ்பீக்கர்கள் பேசாமலே கிடக்கலாம். பட்ஜெட் ரொம்பக் குறைவு, கேட்பதும் பாட்டுதான் என்றால், ஐந்து மட்டமான ஸ்பீக்கரைவிட ஒரு நல்ல 2.1 செட் (இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) எவ்வளவோ மேல்.