கடலுக்கு போறவங்களுக்கு பாட்டு ஏத்திக் குடுத்தேன், லேப்டாப்பை எடுத்துட்டு போயிட்டாங்க

கேள்வி: சார், காசிமேட்டுல சின்னதா செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். போட்டுல போறவங்க பத்து நாள் பன்னெண்டு நாள் கடல்லயே இருப்பாங்க, அங்க டவர் கிடைக்காது, அதனால எம்பி3 பிளேயர், ஸ்பீக்கர்ல போடுற மெமரி கார்டு எல்லாத்துக்கும் லேப்டாப்ல இருந்து பாட்டு ஏத்தித் தருவேன், கார்டுக்கு 50 ரூபா. தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15-க்கு அப்புறம் நல்ல கூட்டம், அப்பதான் போலீஸ் வந்து லேப்டாப், 14 கார்டு, கார்டு ரீடர் எல்லாம் எடுத்துட்டு போயிட்டாங்க, 9 நாள் ஆச்சு. காப்பிரைட் கேஸாம். லேப்டாப் என் தங்கச்சிக்கு பிளஸ் டூல கவர்மென்ட் குடுத்தது, அவ பி.எட். நோட்ஸ் மொத்தமும் அதுலதான் இருக்கு. கூட வந்த ஒருத்தர் பாட்டு கம்பெனி ஆளுன்னு சொல்லி 40 ஆயிரம் குடுத்தா முடிச்சிடலாம்ன்றார். குடுக்கலாமா? நான் காசு போட்டு வாங்குன சிடில இருந்து எனக்கு ஏத்திக்கிட்டதுகூட தப்பா?

பதில்: தம்பி, மத்தது எல்லாம் அப்புறம், முதல்ல தேதியை பாருங்க. காப்பிரைட் சட்டம் 1957-ல செக்ஷன் 64 இருக்கு, அதுதான் சப் இன்ஸ்பெக்டரோ அதுக்கு மேல உள்ளவரோ வாரன்ட் இல்லாமலே பொருளை எடுக்கலாம்னு சொல்லுது, அதே செக்ஷனோட ரெண்டாவது பகுதிலதான் உங்களுக்கு வேண்டியதும் இருக்கு. எடுத்த பொருள்ல உரிமை இருக்கிற யாரா இருந்தாலும் 15 நாளைக்குள்ள மாஜிஸ்ட்ரேட் கிட்ட திருப்பி கேட்டு மனு போடலாம். நீங்க எழுதுன அன்னிக்கே 9 நாள் போயிடுச்சு, மிச்சம் ஆறுதான். மனுவை உங்க பேர்ல மட்டும் போடாதீங்க, தங்கச்சி பேர்லயும் போடுங்க, பொருள் அவங்களோடதுதானே. பில்லு இல்லையேன்னு பயப்பட வேணாம், லேப்டாப் குடுத்த ஸ்கூல்ல ரெஜிஸ்டர் இருக்கும், ஹெட்மாஸ்டர் கிட்ட போயி இந்த சீரியல் நம்பர் லேப்டாப் இந்த மாணவிக்கு குடுத்தோம்னு ஒரு லெட்டர் வாங்கிடுங்க. அதே நம்பர் மகஜர்ல, அதாவது போலீஸ் எடுத்த பொருளை எழுதி வெச்ச பட்டியல்ல, இருக்கான்னு ஒப்பிட்டு பாருங்க, வெறும் "லேப்டாப் 1"ன்னு எழுதி இருந்தா அதையும் மனுல சொல்லணும். 2024 ஜூலைல இருந்து புது குற்ற விசாரணை நடைமுறை சட்டம், பிஎன்எஸ்எஸ், அதோட செக்ஷன் 105 படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்கணும், எடுத்தாங்களான்னு உங்க வக்கீல் கேக்கட்டும். அதே சட்டத்துல 497-ன் கீழ கேஸ் முடியுற வரைக்கும் பொருளை இடைக்காலமா கைல வாங்கவும் வழி இருக்கு, லேப்டாப்பை உடனே குடுக்க மாட்டோம்னு சொன்னா நோட்ஸ் ஃபோல்டரையாவது காப்பி எடுத்துக்க அனுமதி கேளுங்க. இதை நான் இவ்ளோ அழுத்தி சொல்றதுக்கு காரணம் காப்பிரைட் சட்டத்தோட செக்ஷன் 66, தண்டனை ஆனாலும் ஆகலைனாலும் காப்பி எடுக்க பயன்பட்ட கருவியை பாட்டு உரிமையாளர் கிட்டயே ஒப்படைக்க கோர்ட் உத்தரவு போட முடியும். படிக்கிற பொண்ணோட லேப்டாப் அப்படி போயிடக் கூடாது.

இப்போ தப்பா இல்லையான்ற கேள்விக்கு வரேன். நீங்க காசு குடுத்து வாங்குன சிடில இருந்து லேப்டாப்புக்கு, லேப்டாப்புல இருந்து உங்க பிளேயருக்கு நீங்க கேக்கறதுக்காக ஏத்திக்கிட்டா அது குத்தம் இல்ல. செக்ஷன் 52 சொந்த உபயோகத்துக்கு நியாயமா பயன்படுத்தறதை விட்டு வெச்சிருக்கு, 2012 ஜூன்ல வந்த திருத்தம் அதை பாட்டு ரெக்கார்டிங்குக்கும் நீட்டிச்சுது, அந்த உபயோகத்துக்காக எலக்ட்ரானிக் முறையில சேமிச்சு வெக்கறதும் மீறல் இல்லன்னு விளக்கமும் சேர்த்தாங்க. ஆனா அந்த பாட்டையே அடுத்தவர் கார்டுல ஏத்தி 50 ரூபா வாங்குனா அது சொந்த உபயோகம் கிடையாது, வியாபாரம். சம்பாதிச்சது கொஞ்சம்தான்னு எனக்கு புரியுது, கடல்ல ராத்திரி வலைக்கு காத்திருக்கிறவனுக்கு பாட்டு எவ்ளோ தேவைன்னும் தெரியும், சட்டம் அதை பாக்காது. செக்ஷன் 63 படி குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 3 வருஷம், அபராதம் 50 ஆயிரத்துல இருந்து 2 லட்சம் வரைக்கும். லாபத்துக்காக இல்லைனா கோர்ட் குறைக்கலாம்னு ஒரு சலுகை இருக்கு, காசு வாங்குன உங்களுக்கு அது பொருந்தறது கஷ்டம்.

இது ஜாமீன்ல விடக்கூடிய குத்தமா இல்லையான்னு ரொம்ப நாளா ஹைகோர்ட்டுகள் வேற வேற மாதிரி சொல்லிட்டு இருந்துது, 2022 மே மாசம் சுப்ரீம் கோர்ட் நிட் ப்ரோ வழக்குல ஜாமீன்ல விட முடியாத குத்தம்னு முடிச்சு வெச்சிருச்சு. அதுக்காக பெயிலே கிடைக்காதுன்னு அர்த்தம் இல்ல, ஸ்டேஷன்லயே வாங்க முடியாது, கோர்ட்டுக்கு போகணும், அவ்ளோதான். 7 வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குத்தத்துல கண்ணை மூடிக்கிட்டு கைது பண்ணக் கூடாதுன்னு 2014-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லி இருக்கு, நோட்டீஸ் குடுத்து கூப்பிட்டா தவறாம போங்க, போகாம ஒளிஞ்சாதான் ஆபத்து. முன்ஜாமீனுக்கு வக்கீல் கிட்ட இப்பவே பேசிடுங்க.

அந்த 40 ஆயிரம், குடுக்காதீங்க. கம்பெனி ஆளுன்னா அதிகாரக் கடிதம் காட்ட சொல்லுங்க, எந்தெந்த பாட்டு அவங்களோடதுன்னு பட்டியல் கேளுங்க. இந்த செக்ஷன்ல ரெண்டு பேரும் பேசி கேஸை வாபஸ் வாங்கிக்க வழியே கிடையாது, சமாதானம் ஆனாலும் ஹைகோர்ட்ல போட்டுதான் ரத்து பண்ண முடியும், அதனால கைல காசு வாங்கிட்டு போறவர் உங்க கேஸை முடிக்கவே முடியாது. நாளைக்கு அவர் யாருன்னே தெரியாது.

இன்னொண்ணு, சீக்கிரம் முடியட்டும்னு கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்க யாராவது சொல்லுவாங்க, கேக்காதீங்க. ஒருவாட்டி தண்டனை ஆயிட்டா அடுத்த வாட்டி செக்ஷன் 63ஏ, குறைஞ்சது 1 வருஷம். அதைவிட பயம், நம்ம தமிழ்நாட்டு குண்டர் சட்டத்துல 2004-ல வீடியோ திருட்டையும் சேர்த்துட்டாங்க, அதுல சினிமா பாட்டு ரெக்கார்டும் வருது. மேற்கொண்டு ஒரு கார்டு கூட ஏத்தாதீங்க, கடைல "பாட்டு ஏத்தப்படும்"னு ஒட்டி இருந்தா இன்னிக்கே கிழிங்க.

பழைய பாட்டுதானேன்னு நினைக்காதீங்க. ரெக்கார்டிங்குக்கு 60 வருஷம், 1960-ல வந்தது 2020 முடிவோட முடிஞ்சிருக்கும், ஆனா வரிக்கும் மெட்டுக்கும் தனி கணக்கு, எழுதுனவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை இருக்கும். நேர்வழி வேணும்னா உங்க ஏரியா கானா பசங்க இருக்காங்களே, அவங்களே எழுதி அவங்களே ரெக்கார்ட் பண்ண பாட்டுக்கு அவங்க கிட்ட எழுத்துல அனுமதி வாங்கி, எந்த பாட்டு, எவ்ளோ நாள், எவ்ளோ காசுன்னு போட்டு ஏத்திக் குடுங்க. சினிமா மெட்டுல பாடுனது வேணாம்.

வக்கீலுக்கு காசு இல்லைனா 15100-க்கு போன் பண்ணுங்க, இலவச சட்ட உதவி நம்பர், பெண்களுக்கு வருமானம் பாக்காம குடுப்பாங்க, அதனால தங்கச்சி மனுவுக்கு அவங்க பேர்லயே கேக்கலாம். இந்த வாரமே அவங்களை கூட்டிட்டு போங்க, மனுல அவங்க கையெழுத்து வேணும்.