மட்டையைச் சுழற்றாமல் நிற்பதில் என்ன திறமை?

கேள்வி: பேஸ்பாலில் "இந்த அணி இந்த வருடம் ப்ளேட்டில் பொறுமையாக ஆடுகிறது" என்று பாராட்டுகிறார்களே, அடிக்காமல் நிற்பதைப் போய் ஏன் பாராட்ட வேண்டும்?

நானும் இதே கேள்வியோடு திரிந்தவன்தான். சிகாகோவுக்கு வந்த புதிதில் ஆபீஸ் சாப்ட்பால் (பேஸ்பாலின் தம்பி மாதிரி ஆட்டம்) டீமில் ஆள் குறைகிறது என்று என்னையும் இழுத்துக்கொண்டார்கள். கிரிக்கெட் ஆடிய கை, அதுவும் ஓப்பனர். புதுப் பந்தை விட்டு ஆடுவதுதான் அழகு என்று ஊறிப்போன ஆள். முதல் பந்தை ஸ்டைலாக மட்டையைத் தூக்கி விட்டேன், ஸ்ட்ரைக். இரண்டாவதையும் விட்டேன், அதுவும் ஸ்ட்ரைக். மூன்றாவதை விட்டபோது அம்பயர் என்னைப் பாவமாகப் பார்த்துவிட்டு வெளியே போகச் சொன்னார்.

கிரிக்கெட்டில் ஸ்டம்புக்கு நேராக வராத பந்தை நாள் முழுக்க விடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பேஸ்பாலில் விட்டதற்கும் கணக்கு உண்டு. பேட்டர் முன்னால் தரையில் பதித்திருக்கும் 17 அங்குல அகலத் தட்டுதான் ப்ளேட். அதற்கு மேலே, பேட்டரின் நெஞ்சுக்குக் கீழிருந்து முழங்கால் வரைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி. அதற்குள் வந்த பந்தை விட்டால் ஸ்ட்ரைக், வெளியே போவதை விட்டால் பால். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், அதுதான் ஸ்ட்ரைக்அவுட். நான்கு பால் ஆனால் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய மூலைகளில் முதலாவது) போகலாம், அதுதான் வாக். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து கையிலிருந்து கிளம்பி ப்ளேட்டுக்கு வர ஏறக்குறைய 0.4 விநாடி. அதில் பாதி போவதற்குள் முடிவெடுத்தாக வேண்டும். ஆக, பொறுமை என்பது சும்மா நிற்பது கிடையாது, எதை விடுவது என்று அந்த நேரத்துக்குள் தெரிந்திருப்பது.

ஒரு அணியே இதில் தேறியதைப் பார்க்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து 2015, 2016 சிகாகோ கப்ஸைவிட நல்ல உதாரணம் இல்லை (நான் கப்ஸ் கட்சி, அதைக் கழித்துக்கொண்டே படியுங்கள்).

2015இல் கப்ஸ் 97 ஆட்டங்கள் ஜெயித்தது. வாக்கும் நிறையவே வாங்கினார்கள், 567. ஆனால் ஸ்ட்ரைக்அவுட் 1,518, அந்த வருடம் மொத்த மேஜர் லீகிலேயே (அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீக்) அதிகம். புதுப் பையன் கிரிஸ் பிரையன்ட் ஒருவரே 199. அந்த அக்டோபர் ப்ளேஆஃபில் நியூயார்க் மெட்ஸின் வேகப்பந்துப் பையன்கள் எதிரே வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது. நான்கு ஆட்டங்கள், நான்கும் தோல்வி, மொத்தமே 8 ரன், ஒரு நிமிடம்கூட முன்னிலையில் இல்லை. நான்காவது ஆட்டத்தைப் பாதியிலேயே அணைத்துவிட்டுப் படுத்தேன்.

அடுத்த வருடம் அதே அணி 656 வாக், 1,339 ஸ்ட்ரைக்அவுட். இரண்டும் ஒரே நேரத்தில் சரியான திசையில் நகர்ந்ததுதான் விஷயம். பந்தை விட்டுக்கொண்டே இருந்தால் வாக் ஏறும், கூடவே ஸ்ட்ரைக்அவுட்டும் ஏறும் (என் சாப்ட்பால் கதை). ஸ்ட்ரைக்அவுட் குறையட்டும் என்று எல்லாவற்றையும் தொட்டால் வாக் போய்விடும். இரண்டையும் சேர்த்துச் செய்வது சுலபமில்லை.

எப்படிச் செய்தார்கள்? பயிற்சி, மனப்பான்மை என்று எல்லாரும் எழுதுவார்கள். என்னைக் கேட்டால் முதல் பதில்: கடைக்குப் போய் வாங்கினார்கள். 2015 டிசம்பரில் பென் ஸோப்ரிஸ்ட்டுக்கு நான்கு வருடத்துக்கு 56 மில்லியன் டாலர். கிடைத்ததையெல்லாம் விளாசும் ஸ்டார்லின் காஸ்ட்ரோவை யாங்கீஸுக்கு அனுப்பி அந்த இடத்தைக் காலி செய்தார்கள். ஸோப்ரிஸ்ட் 2016இல் 96 வாக், 82 ஸ்ட்ரைக்அவுட். வாக் அதிகம், அவுட் குறைவு, இந்தக் காலத்தில் அப்படி ஒரு ஆளைத் தேடத்தான் வேண்டும். முதலில் இறங்குகிற டெக்ஸ்டர் ஃபவுலர் வேறு அணிக்குப் போய்விட்டார் என்று எல்லாரும் நினைத்திருக்க, பிப்ரவரியில் அரிஸோனா பயிற்சி முகாமில் திடீரென்று வந்து நின்றார். "யூ கோ, வீ கோ" என்பாராம் மேனேஜர் ஜோ மேடன் அவரிடம், நீ கிளம்பினால்தான் நாங்கள் கிளம்புவோம் என்று. அந்த வருடம் ப்ளேட்டுக்கு வந்ததில் பத்துக்கு நான்கு தடவை, கொஞ்சம் குறைய, அவர் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஏற்கெனவே இருந்தவர்களும் மாறினார்கள், அதையும் சொல்ல வேண்டும். பிரையன்ட் தன் ஸ்விங்கைத் தரைக்குக் கொஞ்சம் இணையாக்கிக்கொண்டார், ஸ்ட்ரைக்அவுட் 199 என்பது 154 ஆனது, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) 26இலிருந்து 39. இன்னொரு பேட்டர் ஆந்தனி ரிஸ்ஸோவைப் பாருங்கள், இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் கை மட்டையில் மேலே ஏறிவிடும், ப்ளேட்டை ஒட்டி நிற்பார். பெரிய அடி வேண்டாம், தொட்டால் போதும் என்கிற ஏற்பாடு. அந்த வருடம் 32 ஹோம் ரன் அடித்த ஒருவர் அப்படிச் செய்வதற்குக் கௌரவத்தைக் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, டிவியில் சட்டென்று தெரியாது. தொடக்க பிட்சர் சுமார் 100 பந்து போடுவார். ஒவ்வொரு பேட்டரும் ஐந்து, ஆறு பந்து போட வைத்தால் ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே அவர் சரக்கு தீர்ந்துவிடும், அப்புறம் வருகிறவர்கள் பெரும்பாலும் அவரைவிடச் சுமார் ரகம். கணக்கு 3-1 (மூன்று பால், ஒரு ஸ்ட்ரைக்) என்று பேட்டர் பக்கம் சாய்ந்துவிட்டால் பாதித் தடவைக்கு மேல் அவர் பேஸுக்குப் போய்விடுவார், 0-2 என்று சாய்ந்தால் சராசரி .200க்கும், அதாவது பத்துக்கு இரண்டு அடிக்கும் கீழே இறங்கிவிடும். முதல் இரண்டு பந்தை விடுவதா அடிப்பதா என்பதிலேயே பாதிக் கதை முடிகிறது.

அதே கப்ஸின் கைல் ஷ்வார்பர் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏப்ரலில் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனே போயிற்று. அக்டோபரில் டாக்டர் சரி என்றதும் அரிஸோனாவில் மெஷின் முன்னால் நின்று பந்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம், 1,300 பந்து வரை. கண்ணைப் பழக்கினார், அவ்வளவுதான். நேராக உலகத் தொடருக்கு (கோப்பைக்கான இறுதித் தொடர்) வந்து 17 முயற்சியில் 7 தடவை அடித்தார், கூட மூன்று வாக். ஆறு மாதம் ஆடாதவருக்குக் கை மறந்திருக்கலாம், கண் மறக்கவில்லை.

ஏழாவது ஆட்டம், நவம்பர் 2, க்ளீவ்லண்ட். எதிரணி பிட்சர் கோரி க்ளூபர் அந்தத் தொடரில் ஏற்கெனவே கப்ஸை இரண்டு முறை அடக்கியவர். அன்றைக்கு ஒருவரைக்கூட அவரால் ஸ்ட்ரைக்அவுட் செய்ய முடியவில்லை. 6-6, மழை, 17 நிமிடம் நிறுத்தம், பத்தாவது இன்னிங்ஸ். ரிஸ்ஸோவை வேண்டுமென்றே நடக்க விட்டுவிட்டு ஸோப்ரிஸ்ட்டோடு மோதினார்கள். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது. இடதுகைப் பக்கம் நின்றவர், வெளியே வந்த பந்தை இழுத்து அடிக்கப் போகாமல் அது போகிற போக்கிலேயே மூன்றாவது பேஸ் கோட்டை ஒட்டித் தட்டிவிட்டார். டபுள், அதாவது இரண்டாவது பேஸ் வரை போகிற அடி. 7-6. கடைசியில் 8-7, கோப்பைக்கான 108 வருடக் காத்திருப்பு முடிந்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா பைஜாமாவோடு தெருவுக்கு வந்து அழுதார், நான் தமிழில் கத்திக்கொண்டிருந்தேன், அவருக்கு எல்லாம் புரிந்தது.

அப்புறம் அந்தப் பழக்கம் நிலைத்ததா என்றால், இல்லை. 2017 முடிந்ததும் பேட்டிங் கோச் ஜான் மாலியை மாற்றினார்கள், அடுத்து வந்த சில்லி டேவிஸ் ஒரே வருடம்தான். 2018 கடைசியில் பேட்டிங் பழுதாகிவிட்டது என்று அணியை நிர்வகித்த தியோ எப்ஸ்டீனே ஒத்துக்கொண்டார். அதனால்தான் "பொறுமையைக் கற்றுக்கொண்டார்கள்" என்று யாராவது ஏப்ரல் மாதத்திலேயே எழுதினால் நான் நம்புவதில்லை. அடுத்த ஆட்டத்தில் திரை ஓரம் பிட்சர் போட்ட பந்து எண்ணிக்கையை மட்டும் பாருங்கள், நான்காவது இன்னிங்ஸிலேயே 80ஐத் தாண்டியிருந்தால் எதிரே இருப்பது அந்த மாதிரி அணி.