ஹோம் தியேட்டரில் இடது சரவுண்ட் (உட்காருபவரின் பக்கத்தில் அல்லது பின்னால் வைக்கும் ஸ்பீக்கர்) மட்டும் சத்தம் அமுங்கிக் கேட்கிறது என்றால்

இடது ஸ்பீக்கரை மாற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம், ரிசீவரில் (ஸ்பீக்கர்களுக்கு ஒலி அனுப்பும் பெட்டியில்) இடது சரவுண்டின் லெவலைத்தான், அதாவது ஒலி அளவைத்தான், ஏற்ற வேண்டும். ஆட்டோ செட்டப் (மைக்கில் கேட்டு ரிசீவரே ஒவ்வொரு ஸ்பீக்கரின் லெவலையும் சரிசெய்வது) ஓடிய பிறகு சோபாவை வலது சுவர் பக்கம் நகர்த்தியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பெரும்பாலும் காரணம் அதுதான். இப்போது வலது சரவுண்ட் 3 அடியில், இடது 9 அடியில். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும், அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் கொஞ்சம் குறைவாக விழும், ஆனாலும் காதுக்கு நன்றாகவே தெரியும்.

ஆட்டோ செட்டப்புக்கான மைக்கை உட்காரும் இடத்தில் காது உயரத்தில் வைத்து ஆட்டோ செட்டப்பை மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் டெஸ்ட் டோனை (ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ரிசீவர் எழுப்பும் சோதனை ஒலியை) போட்டு, ஒலி அளக்கும் ஆப் உள்ள போனை அதே இடத்தில் வைத்து இரண்டு சரவுண்டையும் ஒப்பிடுங்கள். படம் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், படத்தில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு சத்தம் வராது.

அப்படியும் சரியாகவில்லையா? ரிசீவரை அணைத்து, பவர் வயரையும் பிடுங்கிவிட்டு, பின்னால் இரண்டு சரவுண்ட் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகி டோனைக் கேளுங்கள். குறை வலது ஸ்பீக்கருக்குப் போனால் கோளாறு ரிசீவரில் அல்லது அதன் செட்டிங்கில். இடதிலேயே நின்றால் ஒயர், ஸ்பீக்கர், அல்லது வைத்திருக்கும் இடம்.

ஒன்று, போன் மைக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள்.