போக 8 மணி, வர 7 மணி: தூரம் ஒன்றுதானே?

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம் என்று டிக்கெட்டில் இருக்கிறது. பூமி சுற்றுவதாலா இந்த வித்தியாசம்? – வாசகி, மதுரை

பதில்: இல்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுற்றுகிறது. விமானம் அதற்குள்தானே பறக்கிறது! காரணம், சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தூரம் சுமார் 5,550 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. காற்றே இல்லையென்றால் 6 மணி 10 நிமிடம். 100 கி.மீ. வேகக் காற்று பின்னாலிருந்து தள்ளினால் 5 மணி 33 நிமிடம். அதே காற்று எதிரே வந்தால் 6 மணி 56 நிமிடம். போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகிவிடாது, கவனியுங்கள். இரண்டையும் கூட்டினால் காற்றில்லாத பயணத்தைவிட 9 நிமிடம் அதிகம். எதிர்காற்றில்தான் விமானம் அதிக நேரம் இருக்கிறது, அதனால்தான்.

டிக்கெட்டில் உள்ளதோ கேட்டை விட்டு நகர்வது முதல் மறுமுனைக் கேட்டில் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதை வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

குளிர்காலத்தில் இந்தக் காற்று இன்னும் வலுக்கும். 2020 பிப்ரவரியில், புயல் சமயத்தில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையை வைத்துப் பார்த்தால் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல். ஆனாலும் ஒலியின் வேகத்தை அது தாண்டவில்லை. சுற்றியுள்ள காற்றுக்குள் அதன் வேகம் வழக்கமானதுதான். இந்தக் காற்றைப் பார்த்துத்தான் கனடாவின் கேண்டர், ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் கட்டுப்பாட்டு மையங்கள் அட்லாண்டிக் வான்பாதைகளைத் தினமும் புதிதாக வகுக்கின்றன.

கேள்வி: வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தூரம் ஒத்துப்போகவில்லையே? – வாசகர், திருச்சி

பதில்: தட்டையான வரைபடம் வடக்கே போகப் போக இழுபட்டுவிடும். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்து அளந்து பாருங்கள்: சுமார் 13 செ.மீ. வரும். 1 செ.மீ.க்கு 425 கி.மீ. என்று பெருக்கினால் விடை கிடைத்துவிடும். நியூஃபவுண்ட்லாந்து, அயர்லாந்து பக்கமாக நூல் போவதும் தெரியும்.

கேள்வி: லண்டனில் காலை 11 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் மதியம் 2 மணிக்கு இறங்குவதாக டிக்கெட் சொல்கிறது. 3 மணி நேரப் பயணமா? – வாசகர், சேலம்

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 5 மணி நேரம் பின்தங்கியது. அதைக் கூட்டினால் 8 மணி. ஆனால் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் கடைசி ஞாயிறு வரையும், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரையும் வித்தியாசம் 4 மணிதான். இரு நாடுகளும் கடிகாரத்தை ஒரே நாளில் மாற்றுவதில்லை. அந்த வாரங்களில் 11 மணி விமானம் 3 மணிக்குத்தான் இறங்கும். அங்கிருந்து வேறு விமானத்துக்குத் தனி டிக்கெட் எடுக்கிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைக் கட்டாயம் கணக்கில் சேருங்கள்.